ஐந்தாம் பக்கத்துச் சான்றிதழ்

எங்கள் அச்சகத்தில் ஒரு நடைமுறை உண்டு. கடைசி மெய்ப்பின் முதல் பக்கத்தில், வலப்புற மேல் மூலையில், மெய்ப்புப் பார்ப்பவர் ‘அச்சிடலாம்’ என்று எழுதித் தேதியிட்டுக் கையொப்பம் இட்டால்தான் மெஷின்மேன் இயந்திரத்தை ஓட்டுவார். முதலாளியே பக்கத்தில் வந்து நின்று அவசரப்படுத்தினாலும் ஓட்டமாட்டார். முப்பத்தொரு ஆண்டுகள் அந்த மூலையில் என் கையொப்பம் இருந்தது. ஒன்றிரண்டு பிழைகள் என் கண்ணுக்குத் தப்பிப் போயிருக்கலாம். தெரிந்தே ஒரு தவற்றை நான் அந்த மூலையைத் தாண்ட விட்டதில்லை.

ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் கழித்து, சென்ற மாதம், ஒரே ஒரு வேலைக்காக மறுபடியும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அது என் தங்கை மகனின் நினைவு மலர். பதினாறு பக்கம், இருநூறு படிகள். அவன் இராணுவத்தில் சேர்ந்து, கடல் கடந்த ஒரு நாட்டில் அமைதிப்படை முகாமில் இருந்தபோது, ஓட்டிச் சென்ற தண்ணீர் லாரி கவிழ்ந்து இறந்தான். அங்கே சண்டை எதுவும் நடக்கவில்லை. அவனுக்கு வயது இருபத்துமூன்று. முதலாம் ஆண்டு நினைவுக் கூட்டத்தில் கொடுப்பதற்காகத் தங்கை அந்த மலரை எங்கள் அச்சகத்திலேயே அச்சிடக் கொடுத்திருந்தாள். உங்கள் வீட்டு வேலை, நீங்களே வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்று மெஷின்மேன் தொலைபேசியில் சொன்னார். புதிதாக வந்திருக்கும் புரூஃப் ரீடருக்கு அவர் மனத்தில் இன்னும் இடம் கொடுக்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

முதல் நான்கு பக்கங்களைச் சிரமமின்றிப் படித்தேன். சீருடையில் அவன் படம். படைப்பிரிவு அதிகாரியின் இரங்கல் கடிதம். பள்ளி ஆசிரியர் ஒருவரின் நினைவுக் குறிப்பு. அதில் எட்டு இடங்களில் திருத்தினேன். ஐந்தாம் பக்கத்தைத் திருப்பியபோது என் கையெழுத்தே என்னைப் பார்த்தது.

அது ஒரு சான்றிதழின் படம். எங்கள் அச்சகத்தின் தலைப்புத் தாள். மூன்று வாக்கியங்கள். ‘இவர் எங்கள் நிறுவனத்தின் வேனை இரண்டு ஆண்டுகள் விபத்து எதுவுமின்றி ஓட்டியுள்ளார். வாகனப் பராமரிப்பும் நன்கு அறிந்தவர். ஒப்படைத்த பொறுப்பைக் கைவிட்டுச் செல்லாதவர்.’ கீழே, நிர்வாகத்துக்காக, என் கையொப்பம்; வேலையை விட்டுப் போகிறவர்களுக்குச் சான்று எழுதுவதும் அங்கே என் பொறுப்பு.

எழுத்துப்பிழை ஏதும் இல்லை. முதல் இரண்டு வாக்கியங்களும் பொய்.

பேனாவை மூடி வைத்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மெஷின்மேன் தாளடுக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். ஓட்டலாமா என்று அதற்குப் பொருள். இன்னும் இல்லை என்று கையைக் காட்டினேன்.

அவனை அச்சகத்தில் சேர்த்துவிட்டவளும் நான்தான். தங்கையின் கணவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவள் வீட்டிலேயே தையல் தைத்து மகனைப் பள்ளிக்கு அனுப்பினாள். பள்ளி முடித்தவுடன் அவனுக்கு ஒரு வேலை பார்த்துக் கொடு அக்கா என்று கேட்டாள். முதலாளியிடம் சொல்லி, கட்டுக் கட்டி அனுப்பும் பகுதியில் போட்டேன். ஒரு வாரத்துக்குள் அங்கே அவனுக்குப் ‘புயல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவன் கடந்து போன இடமெல்லாம் ஏதாவது சாய்ந்து கிடக்கும். நனைந்த குடையைத் தாள் கட்டின்மேல் விரித்து வைப்பான். ஒட்டும் நாடாவை மேசையில் வைப்பதற்குப் பதிலாகத் தன் முழங்கையில் ஒட்டிக்கொண்டு அலைவான். சீழ்க்கை அடித்துக்கொண்டே வருவான். என் அறை வாசலில் மட்டும் நிறுத்துவான். கடந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடருவான். அது என்னைக் கேலி செய்வதாகவே எனக்குப் பட்டது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் கட்டிய கட்டு அவிழ்ந்ததே இல்லை. வாங்குகிறவர்கள் பிளேடு கொண்டு அறுத்துத்தான் பிரிக்க வேண்டும். கட்டுப் பகுதியில் அதற்குப் ‘புயல் முடிச்சு’ என்றே பெயர் வந்துவிட்டது. அப்போது அதையும் நான் முரட்டுத்தனம் என்றே கணக்கிட்டேன்.

வேனை அவன் ஓட்டியது ஒரே ஒரு முறை. பதினெட்டு வயதானதும், வெறும் மைதானத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டி, எல்லோரையும் போல ஓர் உரிமம் வாங்கி வைத்திருந்தான். டிரைவர் விடுப்பில் இருந்த ஒரு காலை, வேனை நிழலுக்கு நகர்த்துகிறேன் என்று ஏறினான். வாயில் தூண்வரை போனது. வேனின் இடக்கன்னம் உள்ளே போயிற்று. தூணின் மூலை உதிர்ந்தது. அவன் இறங்கி, உதிர்ந்த காரையைக் கையில் அள்ளிக்கொண்டு என் முன் வந்து நின்றான், ஏதோ நான் அதை மறுபடி ஒட்டிவிடுவேன் என்பதுபோல.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது வேறு. ஒரு நாள் இரண்டு கட்டுகளில் முகவரிச் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டான். ஒரு வீட்டுத் திருமண அழைப்பிதழ்கள் துக்க வீட்டுக்குப் போயின. துக்க வீட்டுக்கு அச்சிட்ட நன்றி அட்டைகள், ‘எங்கள் துயரில் பங்கேற்ற அனைவருக்கும்’ என்ற வரியோடு, மணமகள் வீட்டில் போய் இறங்கின. மறுநாள் பெண்ணின் அப்பா அச்சகத்துக்கே வந்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்னாலேயே இப்படி ஆறுதல் சொல்லிவிட்டீர்களே, மாப்பிள்ளையைப் பற்றி எங்களுக்குத் தெரியாதது ஏதாவது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, “உங்க ஆளும்மா” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அது என்னைச் சுட்டது. முப்பது ஆண்டுகளாக அந்தக் கட்டடத்தில் என் பெயரோடு எவரும் ஒரு குறையைச் சேர்த்துச் சொன்னதில்லை.

அன்று மாலை அவன் சட்டை வியர்வையில் தோய்ந்து ஒட்டியிருக்க என் அறைக்கு வந்தான். இரண்டு வீடுகளுக்கும் தானே நடந்து போய் வந்ததாகச் சொன்னான். நன்றி அட்டை என்று நினைத்து, உறையைப் பிரிக்காமலே, அழைப்பிதழைத் துக்க வீட்டார் பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்திருந்தார்களாம். வீடு வீடாகப் போய் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கி, எண்ணிப் பார்த்து, உரிய வீட்டில் சேர்த்துவிட்டானாம். துக்க வீட்டுப் பெரியவர் திட்டவில்லையாம். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாராம். அதை அவன் வியப்போடு சொல்லிக்கொண்டிருந்தான். ஈரச் சட்டையோடு தாள் பக்கத்தில் நிற்காதே என்றேன். 

இராணுவத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்தது அதற்கு அடுத்த வாரம். விண்ணப்பம் போடட்டுமா என்று அவன் கேட்டபோது, அவன் கேட்டு முடிப்பதற்குள் சரி என்றேன். வாகனம் ஓட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை என்று அறிவிப்பில் இருந்தது. அனுபவச் சான்று வேண்டும் என்று அவன் என்னிடம் கேட்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும்; பின்னாளில் என் மனம் அவன் கேட்டதாக மாற்றிச் சொல்லிப் பார்த்தது. அவன் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதினேன். அவன் போய்விட வேண்டும் என்பதற்காக எழுதினேன். 

தாளை நீட்டினேன். நின்றபடியே படித்தான். சிரித்தான்.

“பெரியம்மா, நான் வேன் ஓட்டினது ஒரு தடவைதான். அதுவும் கேட்டு வரைக்கும்.”

“மடிக்காம உறையில வை. ஓரம் கசங்கக் கூடாது,” என்றேன்.

மறுபடியும் ஒருமுறை படித்தான். “சரி. நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்,” என்று சொல்லிவிட்டுப் போனான். வாசலைக் கடந்ததும் சீழ்க்கை தொடங்கியது.

அவனை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றரை ஆண்டு கழித்துக் கடல் கடந்து போனான். அங்கிருந்து எனக்கென்று ஒரே ஒரு முறை கைபேசியில் ஒரு படம் அனுப்பினான். தண்ணீர் லாரியின் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், முகமெல்லாம் புழுதி. கீழே இரண்டு வரி எழுதியிருந்தான்: நான் இப்போது வண்டி ஓட்டுகிறேன், நீங்கள் எழுதியது மாதிரியே. அதில் ஓரிடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது. அதைச் சுட்டிக்காட்டிப் பதில் அனுப்பினேன். அடுத்த நொடியே, ‘திருத்திக்கொண்டேன்’ என்று பிழையில்லாமல் ஒரு சொல் வந்தது. நாங்கள் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு அதுதான். நான்கு மாதம் கழித்து இரண்டு அதிகாரிகள் தங்கை வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

ஓராண்டாக எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லி வந்தேன். விபத்து எவருக்கும் நடக்கலாம். மலைச் சாலை, மழை, கெட்ட நேரம். என் தாளுக்கும் அந்த மலைக்கும் என்ன தொடர்பு? ஐந்தாம் பக்கத்தின்முன் பேனாவை மூடி வைத்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். கையொப்பமிட்டுவிட்டு எழுந்து போயிருப்பேன் என்றே நினைக்கிறேன். அப்போதுதான் அவனுடைய நண்பன் உள்ளே வந்தான்.

ஒரே படைப்பிரிவு, ஒரே கூடாரம். விடுப்பில் வந்தவனை, மலரில் சேர்க்கச் சில படங்கள் கொடுக்கச் சொல்லித் தங்கை அச்சகத்துக்கு அனுப்பியிருந்தாள். குட்டையான, அடக்கமான பிள்ளை. உட்காருவதற்குமுன் நாற்காலியை மேசைக்கு நேராக இழுத்துப் போட்டான். எனக்கு அவனை உடனே பிடித்துப்போயிற்று. அந்த விருப்பத்தை நினைத்து இப்போது கூசுகிறேன். நேரான நாற்காலியைக் கண்டால் மட்டும் கனிகிற மனம் எனக்கு.

படங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, யார் யார் என்று சொன்னான். புயல் என்ற பெயர் அங்கேயும் போய்ச் சேர்ந்திருந்தது; அவனே சொல்லிக்கொடுத்தானாம். பிறகு மேசைமேல் கிடந்த ஐந்தாம் பக்கத்தைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தான்.

“இந்தப் பேப்பரைப் பத்தித்தாம்மா எப்பவும் பேசுவான். வந்த புதுசுல அவனுக்கு ரிவர்ஸ்கூட ஒழுங்கா வராது. சார்ஜன்ட் கேப்பார், ரெண்டு வருஷம் ஓட்டினவனாடா நீன்னு. இவன் என்கிட்ட வந்து சொல்லுவான், எங்க பெரியம்மா பொய் எழுத மாட்டாங்க, கொஞ்சம் முன்கூட்டி எழுதிட்டாங்க, நான்தான் ஓடிப்போய்ப் பிடிக்கணும்னு. மத்தியானம் நாங்க எல்லாம் சாப்பிட்டுப் படுத்திருப்போம். அவன் மட்டும் காலி லாரியை எடுத்துக்கிட்டு மைதானத்துல சுத்திக்கிட்டே இருப்பான். கடைசியில நல்லாவே ஓட்டினான்.”

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைக்க வேண்டிய அளவுக்கு அதில் எதுவும் இல்லை. நன்றாக ஓட்டினான் என்றால் பிறகு எப்படிக் கவிழ்ந்தது என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் ஓராண்டாக நான் சொல்லி வந்த சமாதானத்துக்கு ஒரு சாட்சி கிடைக்கும் என்று என் மனம் ஆசைப்பட்டது.

விபத்தன்று இந்த நண்பன் பின்னால் இன்னொரு லாரியில் வந்துகொண்டிருந்தானாம். மேல் முகாமில் பாதித் தண்ணீரை இறக்கிவிட்டு, மீதியோடு கீழ் முகாமுக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். வேகம்கூட இல்லை என்றான். மேசைமேல் இருந்த என் தண்ணீர்க் குவளையை எடுத்து லேசாகச் சாய்த்துக் காட்டினான்.

“டேங்க் ஃபுல்லா இருந்தா தண்ணி அசையாதும்மா. காலியா இருந்தாலும் பயமில்லை. பாதி இருந்தாத்தான் ஆபத்து. வளைவுல தண்ணி மொத்தமும் ஒரு பக்கமாப் போகும், வண்டியையும் சேத்து இழுத்துக்கும். அதனால பாதித் தண்ணியோட இறங்கினா வளைவுக்கு வளைவு நின்னு நின்னு போகணும். பயிற்சியில மொத வாரமே இதைத்தான் சொல்லிக் குடுப்பாங்க.”

“அவனுக்குச் சொல்லிக் குடுக்கலையா?”

“அவன் அந்தப் பயிற்சிக்கு வரலையேம்மா. மூணு மாசப் பயிற்சி அது. அனுபவம் இருக்கிறவங்களுக்கு வேணாம்னு…”

அந்த இடத்தில் அவன் நிறுத்தினான். அவன் பார்வை ஐந்தாம் பக்கத்துக்குப் போய், அங்கிருந்து என்னிடம் வந்தது. குவளையை எடுத்த இடத்திலேயே வைத்தான். “உங்களைச் சொல்லலைங்கம்மா,” என்றான். இருபத்துநான்கு வயதுப் பிள்ளைக்கு அப்படி ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய நிலையை நான் உண்டாக்கியிருந்தேன்.  அவன் எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுப் போனான்.

மெஷின்மேன் கதவில் தலையை நீட்டி, அச்சுப் பிளேட்டை இயந்திரத்தில் மாட்டிவிடட்டுமா என்றார். அப்போதும் ஒரு வழி இருந்தது. படம் மங்கலாக இருக்கிறது, எடுத்துவிடலாம் என்று தங்கையிடம் சொல்லலாம். அவள் நம்புவாள். நான் சொன்னால் எதையும் நம்புவாள். எல்லாக் கேடுகளுக்கும் காரணம் அந்த நம்பிக்கைதான். ஐந்தாம் பக்கம் சரியில்லை, நாளைக்குத் தருகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, மெய்ப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தங்கை வீட்டு முன்னறையே அவளுடைய தையலறை. சன்னலோரம் மெஷின். வெட்டிய கைத்துணிகள் ஒரு நாற்காலியில், கழுத்துப் பட்டிகள் இன்னொன்றில். நூல் அலமாரிக்கு மேலே அவன் படம். அதற்குப் பக்கத்தில், அதே அளவுச் சட்டத்தில், கண்ணாடி போட்டு, அந்தச் சான்றிதழ். இராணுவ அலுவலகத்தார் அவனுடைய பொருள்களோடு அதையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஓராண்டாக நான் அந்த அறைக்கு வரும்போதெல்லாம் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்து வந்தேன்.

“வா அக்கா. கை கழுவிட்டுத் தொடணுமா, இல்ல இப்படியே புரூஃபை வாங்கலாமா? எண்ணெய்க் கை,” என்றாள். மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். ஓராண்டில் அவளுடைய கேலி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அதைத்தான் நான் பறிக்கப் போகிறேன் என்று தோன்றியது.

ஐந்தாம் பக்கம் சரியில்லை என்றேன். கண்ணாடியோடு படம் எடுத்ததால் மங்கிவிட்டதா, சட்டத்தைக் கழற்றித் தருகிறேன் என்று ஸ்டூலை இழுத்தாள். நான் விரும்பியிருந்த வழி, தானாகவே திறந்து என் முன் நின்றது.

“படம் சரியாத்தான் இருக்கு. நான் எழுதினதுதான் பொய்.”

அவள் ஸ்டூலில் ஒரு காலை வைத்தபடி நின்றாள். நான் வரிசையாகச் சொன்னேன். வேன், தூண், மாறிப்போன கட்டுகள், முதலாளி சொன்ன இரண்டு சொற்கள், அவன் போய்விட வேண்டும் என்று நான் நினைத்தது, அவன் கேட்காமலே எழுதியது. அதன் பிறகு நண்பன் சொன்னது. பாதித் தண்ணீர், மூன்று மாதப் பயிற்சி. எதையும் முன்பின்னாக மாற்றவில்லை, எதையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது, ஒரு வாக்கியத்தில்கூட நான் தடுமாறவில்லை என்பதை உணர்ந்தேன். அதற்கும் வெட்கப்பட்டேன்.

அவள் காலை இறக்கி, ஸ்டூலிலேயே உட்கார்ந்தாள். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தாள். விரல் விரலாகத் துடைத்தாள்.

“அவன் என்கிட்ட சொன்னான். இந்தப் பேப்பரை எடுத்துக்கிட்டு வந்த அன்னைக்கே சொன்னான், நான் ஓட்டவே இல்லம்மா, பெரியம்மா சும்மா எழுதிட்டாங்கன்னு. சிரிச்சுக்கிட்டே சொன்னான். நான்தான் திட்டினேன். பெரியம்மாவைப் பத்தி உனக்கு என்னடா தெரியும், அவங்க ஒரு எழுத்து தப்பா எழுத மாட்டாங்க, நீதான் எங்கேயோ ஓட்டிட்டு என்கிட்ட மறைக்கிறேன்னு.” அவள் படத்தைப் பார்க்கவில்லை, சான்றிதழைப் பார்த்தாள். “பெத்த புள்ளை சொன்னதை விட்டுட்டு உன் பேப்பரை நம்பினேன் அக்கா.”

நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

“அவனைப் பத்தி நீ நல்லதா எழுதினது இது ஒண்ணுதான். அதான் சட்டம் போட்டு மாட்டினேன். நீ நேர்ல அவனை ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லிக் கேட்டதில்லையே. எழுத்துலயாவது இருக்குதேன்னு.”

கூட்டத்தில் எழுந்து எல்லோர் முன்னும் இதைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

“வேணாம். சொன்னா உனக்கு நல்லா இருக்கும். அவனுக்கு அதுல என்ன?”

பிறகு மெய்ப்பைக் கேட்டாள். கொடுத்தேன். தையல் மேசையில் ஐந்தாம் பக்கத்தை விரித்து, உள்ளங்கையால் இரண்டு முறை நீவினாள். துணி வெட்டும் பெரிய கத்திரியை எடுத்தாள். அவளுக்கு அளவு பார்க்க வேண்டியதில்லை. கண் அளவு போதும். தலைப்பையும் முதல் இரண்டு வாக்கியங்களையும் ஒரே வெட்டில் நீக்கினாள். அடியில் என் கையொப்பம் இருந்த துண்டை நீக்கினாள். இரண்டு துண்டுகளும் தரையில் கிடந்த துணிக் கழிவோடு போய் விழுந்தன. நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு ஒரு வரி மிஞ்சியது. ‘ஒப்படைத்த பொறுப்பைக் கைவிட்டுச் செல்லாதவர்.’

“இது இருக்கட்டும்,” என்றாள்.

அங்கேயும் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் ஒரு பொய்யை எடுத்த இடத்தில் இன்னொன்றை வைத்துவிட்டு வர முடியவில்லை. அந்த வாக்கியம் அவனுக்காக எழுதியது அல்ல என்றேன். வேலையை விட்டுப் போகும் எல்லோருக்கும் கடைசியில் அதைத்தான் எழுதுவேன்; முப்பது ஆண்டுகளாக அதே வாக்கியம்; எழுதும்போது அவனை நான் நினைக்கக்கூட இல்லை.

“தெரியும். எனக்கும் அதேதான் எழுதிக் குடுத்தீங்க.”

திருமணத்துக்கு முன் அவளும் எங்கள் பைண்டிங் பகுதியில் ஓராண்டு இருந்தவள். தையல் கம்பெனிக்குப் போக அவளுக்கும் நான்தான் சான்று கொடுத்தேன். அதை நான் மறந்திருந்தேன்.

“நான் அந்தத் தையல் கம்பெனி வேலையை மூணாம் மாசமே விட்டுட்டு வந்துட்டேன். எனக்கு எழுதினது பொய்யாப் போச்சு. அவனுக்கு எழுதினது நிஜமாப் போச்சு. அந்தத் துக்க வீட்டுக்கு எத்தனை தடவை நடந்தான் தெரியுமா? அழைப்பிதழ்ல ஒண்ணு குறைஞ்சுதுன்னு மறுநாளும் போனான். அதை உங்ககிட்ட சொன்னானா?”

சொல்லவில்லை. அல்லது சொல்ல வந்திருப்பான்; ஈரச் சட்டையோடு நிற்காதே என்று நான் அனுப்பியிருப்பேன்.

அவள் அந்த ஒற்றை வரியை வேறொரு வெள்ளைத் தாளின் நடுவில் வைத்து, நான்கு குண்டூசி குத்திக் கொடுத்தாள். நேராகவே குத்தியிருந்தாள்.

மறுநாள் அச்சகத்தில் மெஷின்மேன் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு பக்கத்துக்கு ஒரு வரிதானா, எழுதியவர் பெயர் விட்டுப்போயிற்றே, நீங்களே இப்படி விடலாமா என்று கேட்டார். விட்டுப்போகவில்லை, எடுக்கப்பட்டது என்றேன்.  முதல் பக்கத்தின் மூலையில் ‘அச்சிடலாம்’ என்று எழுதித் தேதி போட்டேன். கையொப்பமிடும்போது பேனா ஓரிடத்தில் நின்றது. முப்பத்தொரு ஆண்டுகளில் இல்லாதபடி, அந்தக் கையொப்பம் இரண்டு துண்டாக விழுந்தது. வெளியே வரும்போது வாயில் தூணைப் பார்த்தேன். உதிர்ந்த மூலையை இன்னும் பூசவில்லை.

கூட்டம் நல்லபடியாக நடந்தது. இருநூறு படிகளும் போதவில்லை. பலர் ஐந்தாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, இந்த ஒரு வரி போதும், பையன் அப்படியேதான் என்றார்கள். எழுதியது யார் என்று இருவர் கேட்டார்கள். அவன் வேலை பார்த்த இடத்தில் கொடுத்தது என்று தங்கை சொன்னாள்.

தங்கை என்னை முன்வரிசைக்கு அழைத்துப் போனாள். “இங்க உக்காருங்க. காத்து வரும்,” என்றாள். பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்று பேசியவள். அன்று தையலறையில் தொடங்கிய ‘நீங்க’ இன்றுவரை மாறவில்லை. தொலைபேசியில் பேசுகிறாள், உடம்பு எப்படி என்று கேட்கிறாள், மாத்திரை போட்டீங்களா என்கிறாள். ஒரு குறையும் வைப்பதில்லை. கேட்பவர்கள், தங்கைக்கு அக்காமேல் எவ்வளவு மரியாதை என்கிறார்கள். நான் ஆம் என்கிறேன்.